இருவருக்கு ஒரு பன்

அக். 3, வெள்ளி

புழுக்கம். காலையிலிருந்து மேகம் மலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. துவைத்த புடவை இன்னும் ஈரம்.

நாளைய நடைக்கு:
– ஐந்து கடைக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் (நாலு ஆயிற்று)
– காகிதத் தட்டு, தண்ணீர், குடை
– முழங்காலுக்குத் தைலம். மறக்காதே.

லாவண்யா போன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளிகளின் வீட்டார் தங்க ஓர் இல்லம் இருக்கிறது. அதற்கு எல்லாமே அவள்தான். இல்லத்து வாடகைக்கும் சமையல் கேஸுக்கும் உதவியாகத்தான் இந்த பேக்கரி நடை. டிக்கெட் வாங்கியவர்களை ஐந்து கடைக்குக் கூட்டிப் போவது, ஒவ்வொன்றிலும் ஒரு பண்டம் ருசிக்க வைப்பது, அது எப்படி அப்படி ஆகிறது என்று சொல்வது. ஞாயிறு காலை தெலுங்குக் குழு, லாவண்யா. சனி மாலை தமிழ்க் குழு, நான். பஃப்ஸ் ஏன் உப்புகிறது என்று ஜூன் மாதம் பார்க் பெஞ்சில் அவளுக்கு இருபது நிமிஷம் சொன்னேன். பாவம், எழுந்து ஓடவில்லை. அதனால் வந்த வேலை. முப்பத்தொரு வருஷம் விஞ்ஞானம் நடத்தியவளுக்கு வேறென்ன தெரியும்.

"மேடம், டிக்கெட் பத்து. ஃப்ரீ சீட்டுல இந்த வாரம் ஒருத்தங்கதான் வராங்க." இல்லத்தில் தங்கியிருப்பவர்களுக்கு வாரம் இரண்டு இடம் உண்டு.

பதினொன்று. ஒற்றைப்படை. நடையின் ஒரே விதி, இருவருக்கு ஒரு பண்டம். ஆளுக்கொன்று கொடுத்தால் மூன்றாவது கடையிலேயே வயிறு மூடிக்கொள்ளும். முதல் கேள்விக்கே ஆறு பக்கம் எழுதிவிட்டுக் கடைசிக் கேள்வியில் மணி அடிக்கக் கேட்டு அழும் பிள்ளைகள் மாதிரி. ஆகவே ஜோடி சேர்த்துவிடுவேன். எனக்கு ஜோடி கிடையாது, நான் பேசுகிறவள். இத்தனை வாரத்தில் ஒரு வாய் தின்றதில்லை. நடை முடிந்ததும் வீட்டுக்கு வந்து தயிர்சாதம்.

புரட்டாசி. வருகிற முக்கால்வாசிப் பேர் முட்டை தொடமாட்டார்கள். அதனால் பட்டியலையே மாற்றியிருக்கிறேன். கடை கடையாய் நின்று தெலுங்கில் கேட்டேன், "பிண்டில குட்டு உந்தா?" மாவில் முட்டை இருக்கிறதா என்று. எல்லாரும் "லேதம்மா", இல்லை என்றார்கள். வெஜ் பஃப்ஸ், காரா பன், தேங்காய் பன், வெண்ணெய் பிஸ்கட், முட்டை போடாத கேக். நாலு கடை சரி, ஐந்தாவது நாளை காலை.

இன்று பேசியது: கடைக்காரர் நால்வர், லாவண்யா, கீழ் வீட்டம்மா (மோட்டார் விஷயம்). ஆறு பேர். நல்ல நாள்.

அக். 4, சனி

ஐந்தாவது கடை காலையில் ஆயிற்று, அங்கும் முட்டை இல்லை. நாலரைக்குத் தொடக்கம். ஒரு தூறல் போட்டு நின்றது.

வந்தவர்கள்: சென்னைத் தம்பதி, இருவருக்கும் மொட்டை, சந்தனம்கூடக் காயவில்லை. வேலூர் காலேஜ் பெண்கள் நாலு. ரிடையர்டு பேங்க்காரரும் மனைவியும். திருத்தணியிலிருந்து அண்ணன் தங்கை. கடைசியில், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இல்லத்திலிருந்து வந்த அம்மாள்.

பெயர் அம்சா. நகரி. விசைத்தறிக் குடும்பம். ஐம்பது இருக்கும். வீட்டுக்காரருக்கு இதய வால்வு மாற்றப் போகிறார்கள், இருபது நாளாக இங்கேயே. லாவண்யா பிடித்துத் தள்ளி அனுப்பியிருக்கிறாள். "டீச்சர், நான் சும்மா கூட நடக்கறேன். அவுங்களுக்கு குடுங்க, காசு குடுத்து வந்துகீறாங்க."

விதி விதிதான் என்றேன். ஒற்றையாக நின்றவள் அவள். வேறு வழியில்லை, நானே ஜோடி.

முதல் கடை, பஃப்ஸ். மாவும் கொழுப்பும் மடிப்பு மடிப்பாய். வேட்டியை மடிப்பதுபோல மடித்து, தேய்த்து, மறுபடி மடித்து. சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி ஒவ்வொரு மடிப்பையும் தூக்கும் என்று சொன்னேன்.

"மிஸ், எங்க ஹாஸ்டல் சப்பாத்தியும் லேயர் லேயராதான் வருது. உப்ப மாட்டேங்குதே?"

"அதுக்கு வயசாயிடுச்சுடீ. மரியாத குடு."

பேங்க்காரர் மனைவி அவர் கையிலிருந்து பிடுங்கி, "பாதிதான். டீச்சர் சொன்னது காதுல விழுந்துச்சா?" அவர், "முப்பது வருஷமா பாதிதாம்மா."

நான் பிட்டுக் கொடுத்தேன். அம்சா சின்னப் பாதியை எடுத்தாள். மாற்றி வைத்தேன். அடுத்த கடையில் அவள் முந்திக்கொண்டு பிட்டு, பெரிய பாதியை என் தட்டில் போட்டுவிட்டாள்.

அங்கே ஈஸ்ட் பாடம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் மாதிரி. ஜில்லென்று பேசினால் தூங்கிவிடும், கொதித்துப் பேசினால் செத்துவிடும், வெதுவெதுப்பாய்ப் பேசினால் வகுப்பையே தூக்கி நிறுத்தும். எல்லாரும் சிரித்தார்கள். அம்சா மட்டும் யோசித்து, "தறி ஓட்ற ஆளுங்களும் அப்டித்தாங்க்கா" என்றாள்.

அக்கா. பெங்களூரில் இருக்கும் தம்பியைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் ஊருக்கெல்லாம் டீச்சர்.

மூன்றாவது கடை. தேங்காய் பன், அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்தது. மேலே பளபளவென்று, எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி. பிட்டு நீட்டினேன். அவள் கை நின்றுவிட்டது.

"முட்ட இல்லதானக்கா? புரட்டாசி முட்டும் அவருக்காக வேண்டிக்கினு கீறேன். ஒரு சனிக்கெழமகூட தப்பக்கூடாது."

"ஒரு துளி இல்ல. நானே நேத்து வந்து கேட்டேன்." வகுப்பு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன். மொட்டைக்காரர், "டீச்சரே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன" என்று முழு பன்னையும் வாய்க்குக் கொண்டுபோக, மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

அம்சா தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு. "இருவது நாளா வாய்ல எது வெச்சாலும் மண்ணு மாதிரி இருந்துச்சு. இன்னிக்குத்தான் தெரிது."

அடுத்த இரண்டு கடையும் முடிந்து இல்லம் வரைக்கும் கூட நடந்தேன். "நாளிக்கு மத்தியானம் வாக்கா. களி கிண்டறேன்."

இன்று தயிர்சாதம் இல்லை. வயிற்றில் இரண்டரைப் பண்டம்.

பேசியது: எண்ணவில்லை.

அக். 5, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே கிளம்பத் தயார். மத்தியானம் என்றல்லவா சொன்னாள். உட்கார்ந்து பேப்பர், பிறகு நகம் வெட்டல், பிறகு மறுபடி பேப்பர்.

இல்லத்துச் சமையலறையில் நாலு அடுப்பு. அவரவர் அவரவருக்கு. கடப்பாக்காரர் ஒருவர் முதல்முறையாக ரசம் வைக்கிறார், அம்சா இங்கிருந்தே தெலுங்கில் அவரை அதட்டுகிறாள்: புளி போதும், போதும்ங்கறேன் இல்ல. கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை. ஒரே தட்டில் இருவருக்கும். "கழுவறதுக்கு ஒண்ணு கொறயும்க்கா" என்றாள்.

ஆபரேஷன் புதன்கிழமை. வீட்டுக்காரர் பெயர் தனபால். பிள்ளைகள் இல்லை. தறி இரண்டு, ஓட்ட ஆள் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். போன சனிக்கிழமையெல்லாம் அவல் மட்டும். "சாமிகிட்ட பேரம் பேசலக்கா. நான் என் வேலைய ஒழுங்கா செய்றேன், நீ உன் வேலைய ஒழுங்கா செய்யின்னு சொல்லிகீறேன்."

உங்களுக்கு யாரு என்று கேட்டாள். யாரும் இல்லை என்பதை எப்படிச் சொன்னாலும் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சித்தூரில் தம்பி வீட்டில் இருந்தேன், அவன் பெங்களூர் போனதும் இங்கே என்றேன். அவள் முகம் ஒரு மாதிரியும் ஆகவில்லை. "அப்போ ராத்திரிக்கு இன்னா சமைப்பீங்க? ஒரு ஆளுக்கு கொழம்பு வெச்சா கொழம்பாவே வராதே."

உண்மை. வருவதில்லை.

தம்பி போன், ஒன்றரை நிமிஷம். "அக்கா, சாப்டியா? சரி வச்சிடறேன்."

அக். 6, திங்கள்

மூன்றாவது கடைக்குப் போனேன். வரும் சனிக்கு எத்தனை பன் என்று சொல்ல. போயிருக்க வேண்டாம். இல்லை, போயிருக்கத்தான் வேண்டும்.

கடைக்காரர் இல்லை. பின்னால் போகச் சொன்னார்கள். மாஸ்டர் சுடாத பன்களை வரிசையாகத் தட்டில் வைத்து, ஒரு கிண்ணத்தில் பிரஷைத் தோய்த்துத் தோய்த்து மேலே தடவிக்கொண்டிருந்தார். மஞ்சளாக.

அதென்ன என்றேன். முட்டையம்மா என்றார் தெலுங்கில். பளபளப்புக்கு.

இங்கே கேட்டபோது இல்லை என்றீர்களே?

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம். "மீரு அடிகிந்தி பிண்டி கதம்மா!" நான் கேட்டது மாவைப் பற்றியாம். மாவில் இல்லையாம். நிஜம்தான். வீட்டில் சமைத்தே பழகினவள் நான். உள்ளே என்ன விழுகிறது என்றுதான் கேட்கத் தெரியும். வெளியே என்ன பூசுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவருக்கும் பூச்சு என்பது கணக்கில் இல்லை. கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டுப் பதில் சரி என்று முழு மதிப்பெண் போட்டுக்கொண்ட ஆசிரியை.

மற்ற நாலு கடைக்கும் ஓடினேன். முழங்கால் கெஞ்சியது. பஃப்ஸுக்கு வெறும் பால். மற்றவற்றில் பூச்சே இல்லை. அது ஒன்றுதான். அவள் கை நின்றுபோன அந்த ஒன்றுதான்.

லாவண்யாவிடம் சொன்னேன். "விடுங்க மேடம். பிரஷ்ல ஒரு கோட்டிங். யாருக்கும் தெரியப் போறதில்ல."

எனக்குத் தெரியுமே.

பேசியது: மாஸ்டர், நாலு கடை, லாவண்யா. ஆறு. எண்ணிக்கையில் மட்டும் வெள்ளிக்கிழமை மாதிரியே.

அக். 7, செவ்வாய்

விடிகாலையிலேயே விழிப்பு. வசந்தா நினைவு.

அதே நகரியில், நான் பத்தாம் வகுப்பு எடுத்த காலம். கடைசிப் பரீட்சை அன்று காலை அவள் நைனா தறி முன்னால் சாய்ந்து அப்படியே போய்விட்டார். அவள் அதற்கு முன்பே, படிப்பதற்காகத் தங்கியிருந்த தோழி வீட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது. பரீட்சை முடியட்டும் டீச்சர், ஒரு வருஷம் வீணாகிவிடும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். கேட்டில் நின்றேன். அவள் பேனா எழுதவில்லை என்றாள். என் பேனாவைக் கொடுத்து, நல்லா எழுது கண்ணு என்று சிரித்தேன். மணியடித்த பிறகுதான் சொன்னேன்.

பாஸ் செய்தாள். நல்ல மார்க். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. ஒரே ஒருமுறை, டி.சி. வாங்க வந்தபோது: "சிரிச்சிக்கினே பேனா குடுத்தீங்களே டீச்சர்." அவ்வளவுதான்.

நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை மார்க் போட முடியவில்லை.

ஆகவே இன்று சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். நாளை ஆபரேஷன். இன்று சொன்னால் ஏதாவது பரிகாரம் செய்துகொள்வாள். சொல்லாவிட்டால் ஏமாற்றுகிறேன். தெளிவாகத்தான் இருந்தது, ஆட்டோ ஏறும்வரை.

வார்டில் தனபால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒல்லி. "நீங்கதான் டீச்சரா? மூணு நாளா டீச்சரக்கா டீச்சரக்கான்னு ஒரே பேச்சு. பன்னு ஏன் உப்புதுன்னு எனக்கு பாடம் நடத்திட்டா. எனக்கே நெஞ்சு உப்பிக்கினு கீது, இதுல பன்னு வேற."

"அபசகுனமா பேசாத யா" என்று அம்சா அவர் தோளில் ஒரு தட்டு. ஆனால் சிரித்தாள். அந்த வார்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

இருபத்துமூன்று நாளில் அவள் சிரிப்பது மூணாவது தரமாம், அவர் எண்ணியிருக்கிறார்.

கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது, அவள் தலைக்கு வாங்கியது. அதைக் கொடுத்தேன். நானும் சிரித்தேன். வந்துவிட்டேன்.

மறுபடியும் பேனா.

அக். 8, புதன்

மழை. ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அம்சாவின் அண்ணன் வருவதாக இருந்தது, ஆர்டர் முடிக்க வேண்டுமாம், வரவில்லை. அதனால் நான்.

பெஞ்ச். எதிரில் கடிகாரம், ஐந்து நிமிஷம் வேகமாக ஓடுவது. பக்கத்தில் குப்பம் டவுனிலிருந்து வந்த ஒரு குடும்பம், தமிழும் தெலுங்கும் கலந்து மெல்லிய குரலில் சண்டை. யார் டீ வாங்கப் போவது என்று.

அம்சா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை, "நானு எதும் தப்பு பண்லியேக்கா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். அது உண்மை. அவள் பண்ணவில்லை.

ஒன்றேகாலுக்கு டாக்டர் வந்தார். நல்லபடி முடிந்தது, இரண்டு நாள் ஐசியூ என்றார். அம்சா அவர் காலில் விழப் போனாள், அவர் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டார்.

வரும் வழியில் நனைந்தேன். தும்மல். மிளகு ரசம். ஒரு ஆளுக்கு ரசமும் ரசமாக வருவதில்லை.

அக். 9, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் போனபோது கோயில் குங்குமத்தோடு நின்றிருந்தாள். தனபால் கண் விழித்து முதலில் கேட்டது தறிக்குக் கரண்ட் வந்ததா என்று. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். "ஒரு சனிக்கெழமகூட தப்பலக்கா. அதான் சாமி கைவுடல."

அந்தக் குங்குமத்தோடு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆரம்பித்தேன். எங்கே ஆரம்பித்தேன்? முட்டையில் இருக்கும் புரதம் சூட்டில் எப்படிப் பளபளப்பாகிறது என்பதில். இந்த வாயை என்ன செய்ய.

"சுத்தி வளைக்காத சொல்லுக்கா."

சொன்னேன்.

"எந்த பன்னு?"

"தேங்காய் பன்."

பெஞ்சின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்ப தெரியும்?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கெழமையே தெரியும். செவ்வாக்கெழம வந்து சிரிச்சிக்கினு எண்ண பாட்லு குடுத்துட்டு போன. நேத்து முட்டும் என் கைய புடிச்சிக்கினு ஒக்காந்துகினு இருந்த." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "இப்ப இன்னாத்துக்கு சொன்ன? எனக்கு தெரியணும்னா? இல்ல ஒன் பாரத்த எறக்கி எந்தலமேல வெச்சிட்டு நீ நிம்மதியா வூட்டுக்கு போகணும்னா?"

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

லாவண்யாவைக் கட்டாயப்படுத்தி நடைக்காரர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் எழுத வைத்தேன்: தேங்காய் பன் மேலே முட்டைப் பூச்சு, என் தவறு, மன்னிக்கவும். மொட்டைக்காரர் பதில்: பரவால்ல டீச்சர், பெருமாள்தான் முடியையே வாங்கிக்கிட்டாரே, இதையும் கழிச்சிப்பார். பேங்க்காரர் கும்பிடும் கை மட்டும். காலேஜ் பெண்கள் அழுதுகொண்டே சிரிக்கும் முகம் எட்டு.

அவர்களுக்கெல்லாம் அது ஒரு பன்.

அக். 10, வெள்ளி

போன் செய்தேன். எடுக்கவில்லை. மத்தியானம் ஒருமுறை. எடுக்கவில்லை. மூன்றாம் முறை செய்தால் அது அவளுக்காக இல்லை, எனக்காக என்று வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு லாவண்யாவிடமிருந்து மெசேஜ்: தனபாலுக்குக் காய்ச்சல். நேற்று ராத்திரியிலிருந்து. டாக்டர் மருந்து மாற்றியிருக்கிறார்.

எனக்கு விஞ்ஞானம் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வரும். கிருமி, காயம், உடம்பின் எதிர்ப்பு. நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிரஷ்ஷில் தடவிய முட்டைக்கும் நகரித் தறிக்காரர் ஒருவரின் உடம்புச் சூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை நான் கரும்பலகையில் எழுதி நிரூபிப்பேன்.

அம்சாவின் மனதில் இப்போது சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியது நான். நேற்று, பத்து மணிக்கு, பெஞ்சில் உட்கார்ந்து.

வசந்தாவிடம் சொல்லாமல் இருந்தது தப்பென்றால் இவளிடம் சொன்னது சரியாக இருக்க வேண்டும். இரண்டும் தப்பாக இருக்கிறது. கணக்கு உதைக்கிறது.

வீட்டு வேலை: மிக்ஸி ஜார் ரப்பர் மாற்ற வேண்டும். வேப்பம்பூ டப்பாவில் பூச்சி. ஜன்னல் கொக்கி.

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். எதிர்ப்பக்கம் பழக்கடை ஓரம் நின்றேன். உள்ளே போகவில்லை. எனக்கு அங்கே யாரும் இல்லை, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று காவலாளி கேட்டால் என்ன சொல்வது. திரும்பி நடந்தேன்.

களி கிண்டிப் பார்த்தேன். கட்டி கட்டியாக.

பேசியது: பூஜ்யம். சமையலறைப் பல்லியை "ச்சூ" என்றதைச் சேர்க்கலாமா?

அக். 11, சனி

வெயில். மலை கழுவி வைத்ததுபோல் தெளிவு.

காலையில் லாவண்யாவின் மெசேஜ்: காய்ச்சல் இறங்கிவிட்டது, தொண்ணூத்தொன்பது. இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறை.

பத்து மணிக்கே மூன்றாவது கடைக்குப் போனேன். மாஸ்டரிடம் முட்டைக்குப் பதில் பால் தடவச் சொன்னேன். பால் போட்டால் பளபளப்பு வராது அம்மா, முகம் கழுவாத பிள்ளை மாதிரி இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றேன். ஸ்டூல் கேட்டு வாங்கி உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். மாவு அளந்ததிலிருந்து பார்த்தேன். ஈஸ்ட், சர்க்கரை, வனஸ்பதி. தேங்காய், ஏலக்காய். தட்டுக்கு எண்ணெய். கழுவிய பிரஷ், பால். அடுப்பு மூடியது வரை. இரண்டரை மணி நேரம். அந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லாம் என்னைச் சோதனை அதிகாரி என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். மாஸ்டர் அதை ரசித்தார்.

மாலை நடை. எட்டுப் பேர், இல்லத்திலிருந்து யாரும் இல்லை. இரட்டைப்படை. எனக்கு ஜோடி இல்லை, நான் பேசுகிறவள். ஒவ்வொரு கடையிலும் மறுபடி கேட்டேன்: மாவில்? மேலே? தட்டில்? பின்னால் ஒரு குரல்: "இந்தம்மா போலீஸ்ல இருந்து ரிடையர் ஆயிருப்பாங்களோ." மூன்றாவது கடையில் தேங்காய் பன் மங்கலாக, சோர்ந்த முகத்தோடு வந்தது. ருசி அதேதான் என்றார்கள். எனக்கு ஒன்று மட்டும் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி. காவலாளி கேட்கவே இல்லை. அதே பெஞ்ச். அம்சா. பார்த்தாள். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், பக்கத்தில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

கடிகாரம். இன்னும் ஐந்து நிமிஷம் வேகமாகத்தான்.

"சொரம் எறங்கிடிச்சி" என்றாள், எதிர்ச் சுவரைப் பார்த்து.

"லாவண்யா சொன்னா."

"நான் இன்னும் கோவமாத்தான் கீறேன்."

"சரி."

என் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைக் காட்டி, "இன்னா அது?"

கொடுத்தேன். பிரித்தாள். இப்படியும் அப்படியும் திருப்பி, மேல்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மினுமினுன்னு இல்ல."

"பாலுதான் தடவினது."

"உள்ள?"

"இல்ல. அடியிலயும் இல்ல."

"யார கேட்ட?"

"யாரையும் கேக்கல. காலையிலருந்து உள்ளயே ஒக்காந்து பாத்தேன்."

"எம்மா நேரம்?"

"ரெண்டர மணி நேரம்."

"அந்த முட்டிய வெச்சிக்கினா?" என்றாள். வாயோரம் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பன்னைப் பிட்டாள். சமமாக வரவில்லை. பெரிய பாதியை என் கையில் வைத்தாள்.

"மொதல்ல நீ துன்னு."

தின்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் விழுங்கும் வரை. பிறகு தன் பாதியை அவள் வாயில் வைத்தாள்.